மீன்தொட்டியைப் பங்கு போட்ட கதை

பாசி பிடித்ததற்காக ஒரு குடும்பம் இரண்டாகுமா என்று கேட்டால், ஆகும் என்பேன். எங்கள் வீட்டில் ஆனது. இதைச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நடுவில் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், உயரத்தான் செய்யும்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் கணவர் மேடைகளுக்கும் மண்டபங்களுக்கும் விளக்கு அமைப்பவர். தெருவில் அவருக்கு ‘லைட்டு’ என்றே பெயர். அவருடைய தம்பி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். அண்ணன் லைட்டு என்றால் தம்பியைச் சும்மா விடுவார்களா, அவர் ‘லேப்பு’ ஆனார். லேப்பின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, பார்சல் ஆபீஸில் பில் போடுகிறாள். நான் அவளைச் ‘சின்னவளே’ என்றுதான் கூப்பிடுவேன். நான் ரெடிமேட் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறேன். என் மகள் படிக்கப் போய் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

ஓரகத்திகள் என்றால் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. எங்களைப் பார்த்து அவர்கள் ஏமாந்துதான் போனார்கள். சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். அவள் முதலில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பாள். கடையில் என்மேல் யார் எரிந்து விழுந்தார்கள், பார்சல் ஆபீஸில் அவளிடம் யார் வழிந்தார்கள், எல்லாம் அந்த ஜன்னலோரத்தில் கொட்டித் தீர்ப்போம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் வாயே திறக்காமல் காலம் தள்ளியிருக்கிறேன். வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்ததே அவள் வந்த பிறகுதான். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த இரண்டு ஆண்களும் கடைசி வரை இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

உப்புத் தண்ணீர்த் தொட்டி என்பது அண்ணன் தம்பி இருவருக்கும் சின்ன வயதிலிருந்து இருந்த ஆசை. நல்ல ஆசைதான், நான் குறை சொல்லவில்லை. ஹாலில் இரண்டு பேருடைய அறைக்கதவுகளுக்கும் நடுவில் சோபா இருந்தது. அதை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தொட்டியை வைத்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தோம். தம்பி உப்பை அளந்து கரைத்தார். அண்ணன் மேலே விளக்குகளைத் தொங்கவிட்டார். கல், மணல், பம்பு என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்த தொட்டியை இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு பார்த்தார்கள். பல வாரம் காத்திருந்து, தம்பியின் சோதனைக் குப்பிகளில் நிறம் சரியாக வந்த பிறகு, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன் வந்தது. பெரியது பெண், சிறியது ஆண் என்று கடைக்காரர் சொன்னபோது சின்னவள் என் இடுப்பில் கிள்ளினாள்.

அந்தக் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். நான்கு பேரும் அங்கேதான் நின்றோம், நான்கு பேர் காதிலும் விழுந்தது.

“புதுத் தொட்டிங்க. முதல்ல பழுப்பா படியும், அப்புறம் பச்சையா வரும். பயந்துடாதீங்க, எல்லாருக்கும் வர்றதுதான். லைட்டைக் குறைங்க, தீனியைக் குறைங்க, வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்துங்க. தானா நிலைக்கு வந்துடும். இதுல சும்மா இருக்கறதுதாங்க பெரிய வேலை.”

எல்லாருக்கும் வருவதுதான் என்று ஒரு மனுஷர் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும், பழுப்பு நிறத்தில் தூசி மாதிரி மணலில் படிந்த அன்று காலை என் கணவர் தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

“என்னடா தண்ணி ரெடி பண்ணின நீ?”

“தண்ணிக்கு ஒண்ணும் இல்ல. உன் லைட்டுதான். மேடைக்கு அடிக்கற மாதிரி அடிச்சா பாசி வராம என்ன பண்ணும்?”

“லைட்டைப் பத்தி எனக்கே சொல்றியா? ரத்தத்தையும் மூத்திரத்தையும் பார்க்கறவன் அதோட நிறுத்திக்கோ.”

“நாலு சீரியல் பல்பு கட்டத் தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சதா நெனப்பு உனக்கு.”

அவ்வளவுதான். ஒருவர் தொழிலை ஒருவர் காலில் போட்டு மிதித்தாயிற்று. நானும் சின்னவளும் சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றோம். “விடுங்க, கடைக்காரர்தான் சொன்னாரே” என்று நான் ஆரம்பித்தேன். “நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார் என் கணவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தம்பியும் தலையாட்டினார்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே ஹால், ஒரே தொட்டி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். பேச வேண்டியதற்கெல்லாம் தூது யார்? நாங்கள்தான். தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார், என் கணவர் என்னிடம், “மோட்டாரைப் போடச் சொல்லு அவனை” என்பார். அவர் சின்னவளிடம், “போட்டாச்சுன்னு சொல்லு” என்பார். காது கேட்கிறவர்களுக்கு நடுவில் நாங்கள் எதற்கு? ஒருநாள் சின்னவள் பொறுக்க முடியாமல், “எனக்கு ஆபீஸ்லயும் பார்சல், வீட்டுலயும் பார்சல்” என்றாள். நான் மட்டும் சிரித்தேன்.

பழுப்பு போய்ப் பச்சை வந்தது. சும்மா வரவில்லை, மண்டைக்கு முடி முளைத்தது போலக் கல்லெல்லாம் தொங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் திரை கட்டியது. கையால் ஒரு பக்கம் துடைத்தால் மறுநாள் மறுபடியும் நிற்கும். ஒவ்வொரு காலையும் இருவரும் தனித்தனியாக வந்து அதைப் பார்ப்பார்கள். ‘பார்த்தியா, உன் வேலைதான்’ என்று மூச்சு விட்டுக்கொண்டு போவார்கள்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸில் சின்னவள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள், ஆனால் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இவரு வேற வீடு பார்க்கறாரு.”

“எதுக்கு?”

“அண்ணன் மூஞ்சியில முழிக்க முடியலையாம். ஆத்தங்கரை ரோட்டுல ஒரு வீடு காலியா இருக்காம். பேசிட்டு வந்துட்டாரு.”

எனக்கு வந்தது கோபமா, பயமா, இரண்டுமா தெரியவில்லை. பாசிக்காக ஒருத்தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போவானா? “உன்னைக் கேட்டாரா?” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமானது என்று எனக்கே தெரிந்தது.

அன்று அழுகையை அடக்கிக்கொண்டு நாங்கள் வேறு எதையோ பேச முயன்றோம். அப்போதுதான் அவள் தற்செயலாகச் சொன்னாள்: “காலையில நைட் டூட்டி முடிஞ்சு வந்ததும் மீனுக்குத் தீனி போடறதுக்கு மட்டும் உடம்புல தெம்பு இருக்கு இவருக்கு.”

“காலையிலயா? எங்க வீட்டுக்காரர்தானே காலையில போடறாரு, கிளம்பறதுக்கு முன்னாடி?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். தீனி, இரண்டு பேரும் போடுகிறார்கள், மற்றவர் போட்டாரா என்று கேட்க வாய் இல்லை. தின்றது போக மிச்சமெல்லாம் தண்ணீரில் அழுகுகிறது, பாசிக்கு அதுதான் விருந்து. விளக்கு, என் கணவர் காலையில் எரியவிட்டு மத்தியானம் அணையும்படி டைமர் வைத்துவிட்டுப் போகிறார். சாயங்காலம் தம்பி தூங்கி எழுந்து வந்து பார்க்கிறார், இருட்டாக இருக்கிறது. தான் பார்க்கக் கூடாதென்றே அண்ணன் அணைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு நீல விளக்கை மாட்டி ராத்திரியெல்லாம் எரியவிடுகிறார். அதைப் பார்த்துவிட்டு என் கணவர் தன் வெள்ளை விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டுகிறார். தொட்டிக்கு ராத்திரியே இல்லை.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். என் கணவரோ, கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று உப்புக் கரைத்து ஊற்றினார். தம்பி சோதித்துப் பார்த்து, உப்பு ஏறியிருக்கிறதென்று ஒரு வாளி மொண்டு கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றினார். ஒருவர் உப்பைப் போட, ஒருவர் உப்பை எடுக்க, வாய் பேசாமலே தண்ணீருக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது. நடுவில் அந்த இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

பஸ்ஸில் நாங்கள் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தோம். இறங்கி நடக்கும்போது சிரிப்பு போய்விட்டது. “போட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்ல அக்கா?” என்றாள் சின்னவள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எங்கள் இருவரையும் பிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நான் நடையை எட்டிப் போட்டேன்.

அன்றைக்கே ஆளுக்கொரு புருஷனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். என் கணவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “அப்ப அவனை நிறுத்தச் சொல்லு” என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி என்ன சொன்னார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சின்னவள் வெளியே வந்த முகமே சொன்னது.

சரி, இவர்களை நம்பிப் பயனில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து அவர்களுக்குத் தண்ணி காட்டினோம். காலையில் சின்னவள் புருஷனிடம், “அக்கா போட்டுட்டாங்க” என்பாள். நான் என் கணவரிடம், “சின்னவ போட்டுட்டா” என்பேன். உண்மையில் ஒரு சிட்டிகைதான் விழும். நீல விளக்கின் ஒயரைப் பின்பக்கமாகப் பிடுங்கிவிட்டேன், “கெட்டுப்போச்சு போல” என்றாள் அவள். வெள்ளை விளக்கின் டைமரைக் குறைத்தேன். விளக்குக்காரர் வீட்டில் விளக்கில் கை வைத்தேன், அவருக்குத் தெரியவே இல்லை! உப்புப் பை அரிசி டின்னுக்குப் பின்னால் போயிற்று. கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை வடிகட்டிய நல்ல தண்ணீர் ஊற்றினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வெளியே போனதும், கடைக்காரரிடம் கேட்டபடி உப்பை அளந்து கரைத்துக் கொஞ்சம் தண்ணீரை மாற்றினோம். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்தோம். பாசி தின்னும் நத்தைகள் சிலவற்றையும் வாங்கிப் போட்டோம். முழங்கை வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

பாசி மெல்ல மெல்லக் கழன்றது. கல் ஊதா நிறமாக வெளியே தெரிந்தது. மீன்கள் கீழே இறங்கி விளையாடத் தொடங்கின. தொட்டி தெளிந்தால் இவர்களும் தெளிவார்கள் என்று நான் நம்பினேன். முட்டாள்!

“பார்த்தியா, லைட்டை ஏத்தினதுல பாசி செத்துடுச்சு” என்றார் என் கணவர்.

“நான் விடாம தண்ணியை சரி பண்ணினேன், அதான்” என்றாராம் தம்பி.

அதோடு விட்டார்களா? பாசி பிடித்துக் கிடந்த வரைக்கும் யாருக்கும் வேண்டாத தொட்டி, தெளிந்ததும் இருவருக்கும் வேண்டியதாகிவிட்டது. புது வீட்டுக்குத் தொட்டியைக் கொண்டுபோவேன் என்றார் தம்பி. என் ஹாலை விட்டு நகராது என்றார் அண்ணன். கடைசியில் எங்கள் வாய் வழியாகவே பஞ்சாயத்து பேசி முடித்தார்கள். ஆளுக்குப் பாதி. என் கணவர் ஒரு புதுத் தொட்டியை வாங்கித் தம்பியின் பங்குக்குத் தயாராக வைத்தார். அவ்வளவு பெருந்தன்மை! போகாதே என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

வண்டி வருவதற்கு முந்தைய வாரம் சின்னவள் தினமும் ஆபீஸ் முடிந்து நேராக அந்த வீட்டுக்குப் போய்த் துடைத்துப் பெருக்கிவிட்டு வந்தாள். நான் பஸ்ஸில் தனியாக வந்தேன். ஒருநாள் அவளிடம், “எப்படி இருக்கு வீடு?” என்று கேட்டேன். “சமையலறையில ஒரு ஜன்னல் இருக்கு அக்கா” என்று மட்டும் சொன்னாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அழவில்லை. எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

வண்டி வந்த அன்று காலையில் பங்கு பிரித்தார்கள். அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஹால் முழுக்க வாளி. என் கணவர் தொட்டியின் நடுவில் டேப் ஒட்டி அளந்தார். தண்ணீரை வாளி வாளியாக மொண்டு, உனக்கொன்று எனக்கொன்று என்று வைத்தார்கள். குழாயில் பிடித்துக் கரைத்த தண்ணீர்! கற்களைக் கையில் தூக்கி எடை பார்த்தார்கள். நத்தையில் ஒன்று மிச்சம் வந்தது. “அதை அவனையே வெச்சிக்கச் சொல்லு” என்றார் அண்ணன். “பிச்சை வேண்டாம்னு சொல்லு” என்றார் தம்பி. அந்த நத்தை என் உள்ளங்கையில் இருந்தது.

பிறகு மீன். பெரியது அண்ணனுக்கு, சிறியது தம்பிக்கு என்று முடிவு.

“அது ஜோடி” என்றாள் சின்னவள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி வலையை உள்ளே விட்டார். சிறிய மீன் ஒரு துள்ளு துள்ளிப் பம்புக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது.

“அண்ணா, பம்பை நிறுத்து! அடிபட்டுடும்!”

“நிறுத்திட்டேன்டா. இரு, டார்ச் அடிக்கறேன். இந்தப் பக்கம், இந்தப் பக்கம் வருது பாரு.”

“கைய எடு நீ, மறைக்குது.”

“மெதுவாடா. செதில் போயிடும்.”

இரண்டு தலையும் தொட்டிக்குள் முட்டிக்கொண்டன. மீன் தானாகவே வெளியே வந்து பெரிய மீனின் பக்கத்தில் போய் நின்றது. இருவரும் ஈரக்கையோடு அதையே பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் கணவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

“எதுக்குடா போற?”

“நீதான் மூத்திரம் பார்க்கறவன்னு சொன்ன.”

“கோவத்துல சொன்னதுடா. நீ சீரியல் பல்புன்னு சொல்லல?”

“சரி விடு அண்ணா.”

தோளில் கை போட்டுக்கொண்டார்கள். வாளித் தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றினார்கள், பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே. வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். “சாமானை இறக்கிடச் சொல்லு” என்று என்னிடம் சொன்ன என் கணவர், “ரெண்டு பேருமா சேர்ந்து டீ போடுங்களேன்” என்றும் சொன்னார்.

டீ! எத்தனை ராத்திரி தலையணை நனைந்திருக்கும் எங்களுக்கு? ஒவ்வொரு பாத்திரத்தையும் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைத்தபோது இது உன்னுது, இது என்னுது என்று பிரித்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு இவர்களுக்குத் தெரியுமா? ஒரு நிமிஷத்தில் முடிகிற சண்டையை முடிக்க, முந்தாநாளே இந்த நிமிஷம் கிடைக்கவில்லையா? நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

“சாமானை இறக்க வேண்டாம்” என்றாள் சின்னவள்.

அவள் கத்தவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

“ஏன்? அதான் சண்டை முடிஞ்சிடுச்சே” என்றார் தம்பி.

“உங்க சண்டை முடிஞ்சிடுச்சு. நல்லது. போகணும்னு நீங்க சொன்னப்போ என்னைக் கேக்கல. இருக்கலாம்னு இப்ப சொல்றீங்க, இப்பவும் கேக்கல. அந்த வீட்டை நான் தேய்ச்சுக் கழுவி வெச்சிருக்கேன். எனக்குப் பிடிச்சிருக்கு. நான் போறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.”

என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

“நீயாவது சொல்லேன். நீ சொன்னா கேப்பா.”

சொன்னால் கேட்பாள்தான். எனக்குத் தெரியும். ‘இருந்துடு சின்னவளே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெட்டியை அவிழ்த்துவிடுவாள். இத்தனை நாளும் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் அப்போதுதான் பயம் தெரிந்தது, நானும் அவளைக் கேட்காமல் முடிவு செய்துவிடுவேனோ என்று.

“பெட்டியைத் தூக்குங்க தம்பி” என்றேன். “அப்படியே என் தையல் மெஷினையும்.”

“மெஷினா? மெஷின் எதுக்கு?” என்றார் என் கணவர்.

“அங்க ஜன்னல் இருக்காம்.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியல. நீங்க தம்பிகூட எத்தனை நாள் பேசாம இருப்பீங்கன்னு என்கிட்ட சொன்னீங்களா?”

வண்டிக்காரரும் சின்னவளும் பெட்டியை ஒரு பக்கம் பிடிக்க, அசையாமல் நின்ற தம்பியும் கடைசியில் வந்து மறுபக்கம் பிடித்தார். மெஷினை நானே தள்ளிக்கொண்டு போனேன். வண்டியின் முன்சீட்டில் சின்னவள் முதலில் ஏறி, எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் அண்ணனும் தம்பியும் முழங்கை வரை ஈரமாக நின்றார்கள். எங்களைப் பார்த்தார்கள், பிறகு தலையைக் குனிந்து தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டார்கள்.

“அவங்க வரலையாம்மா?” என்று கேட்டார் வண்டிக்காரர்.

“அவங்க இப்பத்தாங்க பேச ஆரம்பிச்சிருக்காங்க” என்றேன். “பேசட்டும். நீங்க வண்டியை எடுங்க.”